தண்டவாளம் வந்தது, பொறுப்பு வரவில்லை

2025 பெப்ரவரி 20ஆம் திகதி மட்டக்களப்புப் பாதையில் ஓடிய பயணிகள் ரயில், ஹபரணைக்கு அண்மையில் யானைக் கூட்டமொன்றின் மீது மோதியது. குறைந்தது ஆறு யானைகள் மடிந்தன. ரயில் தடம்புரண்டது. பயணிகள் உயிர்தப்பினர்.

2018 செப்டெம்பரில் இதே ஹபரணைப் பகுதியில் கர்ப்பிணி யானை ஒன்றும் இரண்டு குட்டிகளும் ரயிலில் அடிபட்டு இறந்தன. அப்போதே காட்டுப் பகுதியில் வேகத்தைக் குறைக்கும்படி சாரதிகளுக்குக் கட்டளை போனது. கட்டளை பிறந்து ஆறு ஆண்டுகள் கழிந்தன. யானைகள் மீண்டும் செத்தன.

அந்தக் கட்டளை நிறைவேறுகிறதா என்று கண்காணித்த அதிகாரி யார்? அப்பாதையின் நேர அட்டவணையை மாற்ற ஆறு யானைகளின் உடல்கள் தேவைப்பட்டது ஏன்? இந்தக் கேள்விகளுக்கு இதுவரை எவரும் பெயர் சொல்லிப் பதில் தரவில்லை.

இலங்கை ரயில் சேவையின் நோய் இதுதான். கட்டளை உண்டு, கண்காணிப்பு இல்லை. பாதை உண்டு, பராமரிப்பு இல்லை. திறப்புவிழா உண்டு, பொறுப்பு இல்லை.

யுத்தம் முடிந்த பின் இந்நாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தண்டவாளம் புதிதாகப் போடப்பட்டது. அந்தத் தண்டவாளத்தை நடத்த வேண்டிய நிர்வாகம் பழைய சீர்கேட்டிலேயே விடப்பட்டது. இரும்பைப் புதுப்பித்தார்கள். நிறுவனத்தைப் புதுப்பிக்கவில்லை. இந்தத் தவறை இழைத்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். இப்போதிருப்பவர்கள் அதைத் திருத்த வேண்டும்.

கைக்கு வந்த செல்வம் எத்தகையது என்பதை ஆட்சியாளர்கள் முதலில் நினைவில் கொள்ளட்டும்.

1864இல் கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸைக்கும் இடையில் முதல் ரயில் ஓடியது. 1867இல் பாதை கண்டியைத் தொட்டது. 1905இல் வடக்குப் பாதை முழுமை பெற்றது. கொழும்பும் காங்கேசன்துறையும் ஒரே தண்டவாளத்தில் இணைந்தன. 1914இல் தலைமன்னார் இறங்குதுறை திறக்கப்பட்டது. சென்னையில் ஏறியவர் பாம்பன் பாலத்தைக் கடந்து, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு வந்து சேர்ந்தார். 1924இல் மலையகப் பாதை பதுளையில் முடிந்தது. 1920களின் இறுதிக்குள் திருகோணமலையும் மட்டக்களப்பும் இணைந்தன.

கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் ஆங்கிலேயர் மலையைக் குடைந்தார்கள். அந்த வேலையில் தென்னிந்தியத் தொழிலாளரின் வியர்வையும் உயிரும் சேர்ந்திருக்கின்றன. இன்று ஆட்சியில் இருப்போர் கையாளும் சொத்து அவர்கள் உழைப்பில் விளைந்தது. அதை அழியவிட எவருக்கும் உரிமை இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் இந்தச் சொத்தைப் பேணவும் பெருக்கவும் முடியும் என்று ஒருவர் செய்து காட்டினார். பி. டி. ரம்பால பொறியியலாளராக வந்து, 1955 முதல் 1970 வரை ரயில்வே பொது முகாமையாளராக இருந்தார். அவர் காலத்தில் நீராவி விலகி டீசல் வந்தது. வண்ண ஒளிச் சமிக்ஞை வந்தது. நீண்டதூரக் கடுகதி ரயில்களுக்கு யாழ்தேவி, உடரட்ட மெனிக்கே, ருகுணு குமாரி என்று பெயர்கள் வந்தன. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. ரயில் நேரத்துக்கு வந்தது. மக்கள் அதை நம்பினார்கள்.

அன்று இருந்த நாடும் வறிய நாடுதான். அன்றும் வெளிநாட்டு இயந்திரங்கள்தான் வந்தன. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எஞ்சின்கள்தான் இழுத்தன. வேறுபாடு நிர்வாகத்தில் இருந்தது. மேலிருந்தவருக்கு வேலை தெரிந்திருந்தது. கீழிருந்தவருக்கு அவர் பார்க்கிறார் என்பது தெரிந்திருந்தது.

அந்த ஒழுங்கை அழித்தது யார்?

யுத்தத்தைக் காட்டித் தப்ப முடியாது. யுத்தம் செய்த அழிவு பெரிது. 1985 ஜனவரியில் முறிகண்டியில் யாழ்தேவி தாக்கப்பட்டது. 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. போரிட்ட இரு தரப்பும் அதைச் செய்தன. 1996 ஜூலையில் தெகிவளையில் ரயிலுக்குள் குண்டுகள் வெடித்தன. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வடக்கின் ஒரு தலைமுறை ரயிலைக் காணாமலே வளர்ந்தது.

ஆனால் களனிப் பள்ளத்தாக்கில் எந்த யுத்தம் நடந்தது? அவிசாவளையைக் கடந்து இரத்தினபுரி வழியே ஓபநாயக்க வரை ஓடிய குறுகிய பாதை 1970களில் மூடப்பட்டது. அங்கே ஒரு குண்டும் வெடிக்கவில்லை. பீரோவில் இருந்த கோப்பில் கையெழுத்து விழுந்தது. ஒரு மாவட்டத் தலைநகர் ரயிலை இழந்தது. இன்றுவரை இரத்தினபுரிக்கு ரயில் இல்லை. அவிசாவளையுடன் பாதை நின்றுவிட்டது.

சரக்குப் போக்குவரத்தை எந்த யுத்தம் அழித்தது? காங்கேசன்துறைச் சீமெந்தும் வாழைச்சேனைக் கடதாசியும் போனதற்கு யுத்தம் காரணம் எனலாம். தெற்கிலும் மலையகத்திலும் சரக்கு லொறிக்குப் போனதற்கு என்ன காரணம்? ஏற்றியது எப்போது வந்து சேரும் என்று வணிகருக்கு உறுதி சொல்ல ரயில்வேயால் முடியவில்லை. வணிகர் காத்திருக்கவில்லை. எரிபொருள், கோதுமை மா, சீமெந்து என்று ஒரு சில பொருட்களே எஞ்சின. மிகுதிச் சுமையை வீதிகள் தாங்குகின்றன. அந்த வீதிகளைப் பழுதுபார்க்கும் செலவையும் மக்களே தாங்குகிறார்கள்.

ஆண்டுதோறும் நட்டம். ஆண்டுதோறும் திறைசேரியின் நிரப்பு. ஆண்டுதோறும் கணக்காய்வாளர் நாயகத்தின் கண்டிப்பு. மறு ஆண்டு அதே நட்டம், அதே நிரப்பு, அதே கண்டிப்பு. ரயில்வேயைத் திணைக்கள நிலையிலிருந்து அதிகார சபையாக மாற்ற 1993இலேயே பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. மூன்று தசாப்தங்கள் கடந்தும் ரயில்வே திணைக்களமாகவே இருக்கிறது. சட்டம் தவறென்றால் அதைப் பாராளுமன்றத்தில் சொல்லி நீக்கியிருக்க வேண்டும். சரியென்றால் நிறைவேற்றியிருக்க வேண்டும். மாறி மாறி வந்த அரசாங்கங்கள் இரண்டையும் உருப்படியாகச் செய்யவில்லை. காலத்தைக் கடத்தின.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி இந்த அலட்சியத்துக்கு உலகம் காணாத விலை கொடுக்கப்பட்டது. மாத்தறை நோக்கிச் சென்ற ரயில் பெரலியவில் ஆழிப்பேரலைக்குள் அகப்பட்டது. 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில் வரலாற்றில் இதற்கு ஈடான உயிரிழப்பு வேறெங்கும் இல்லை. கடல் பொங்கியது இயற்கை. ரயிலை நிறுத்தச் சொல்லும் தகவல் உரிய நேரத்தில் அந்த ரயிலைச் சேராதது நிர்வாகம். சாரதியோடு பேச வழியில்லாமல் ஒரு ரயிலை ஆயிரக்கணக்கானோருடன் ஓடவிட்டிருந்தார்கள்.

அதே பேரழிவு இன்னொன்றையும் காட்டியது. சிதைந்த கரையோரப் பாதையை ரயில்வே ஊழியர்கள் இரண்டு மாதத்துக்குள் மீண்டும் ஓடவைத்தார்கள். அலையில் புரட்டப்பட்ட எஞ்சின் 1950களில் கனடாவிலிருந்து வந்த ‘மனிடோபா’. அதையும் பழுதுபார்த்துச் சேவைக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த நாட்டின் ரயில்வே தொழிலாளிக்குத் திறமை இல்லை என்று இனி எவரும் சொல்ல வேண்டாம். இரத்மலானைப் பட்டறையிலும் தெமட்டகொடையிலும் கை அழுக்காக உழைக்கும் மனிதர்கள், அரை நூற்றாண்டு தாண்டிய இயந்திரங்களை இன்றும் ஓடவைத்துக்கொண்டிருக்கிறார்கள். உதிரிப்பாகம் வாங்கித் தராதவர்கள் வேறு. பெட்டிகள் துருப்பிடிக்கும் வரை கேள்விப்பத்திரத்தை இழுத்தடித்தவர்கள் வேறு. குற்றம் பட்டறையில் இல்லை. குற்றம் அமைச்சில் இருக்கிறது. குற்றம் பொது முகாமையாளரின் அலுவலகத்தில் இருக்கிறது. குற்றம் திறைசேரியில் இருக்கிறது.

2009இல் யுத்தம் முடிந்தது. மீட்பு தொடங்கியது. அது உண்மையான மீட்பாக அமைந்திருக்க வேண்டும்.

இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் வடக்கின் பாதைகளை மீண்டும் போட்டது. 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சியை அடைந்தது. 2014 மார்ச்சில் பளை. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. அதே ஆண்டு மார்ச்சில் தலைமன்னார். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாண நிலையத்துக்கு ரயில் வந்தபோது மக்கள் வரவேற்றார்கள். அந்த வரவேற்பு நியாயமானது. அந்த வேலை பாராட்டத்தக்கது.

தெற்கில் சீனக் கடனில் மாத்தறை – பெலியத்த பாதை 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டது. சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்த புதிய ரயில் தொகுதிகள் வந்து சேர்ந்தன. 2025 ஏப்ரல் 6ஆம் திகதி, மேம்படுத்தப்பட்ட மாகோ – ஓமந்தைப் பாதை அநுராதபுரத்தில் திறந்துவைக்கப்பட்டது.

இவை எல்லாம் கடன். இந்தக் கடனை அமைச்சர்கள் கட்டப்போவதில்லை. பருத்தித்துறை மீனவரும் அட்டன் தோட்டத் தொழிலாளியும் ஹம்பாந்தோட்டை விவசாயியும் கட்டுகிறார்கள். கடன் கொடுத்தவர் பாதை போட்டுத் தந்தார். அந்தப் பாதையைப் பயன் தரும்படி நடத்துவது கடன் வாங்கியவரின் வேலை. அந்த வேலை நடக்கவில்லை.

பெலியத்தப் பாதை கதிர்காமம் வரை போக வேண்டும் என்பது திட்டம். பெலியத்தவோடு நிற்கிறது. தலைமன்னார் இறங்குதுறைக்கு ரயில் போகிறது. அங்கிருந்து ஏற ஒரு கப்பல் இல்லை. மாகோ – ஓமந்தைப் பாதை திறக்கப்பட்ட அதே நாளில் பாக்கு நீரிணையின் அக்கரையில் புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. அக்கரையில் ரயில் இராமேஸ்வரம் வரை வந்து நிற்கிறது. இக்கரையில் தண்டவாளம் கடலைத் தொட்டு நிற்கிறது. இரண்டையும் கப்பலால் இணைக்கும் பேச்சுத் தொடங்கி எத்தனை அமைச்சர்கள் மாறிவிட்டார்கள்! பேச்சு மட்டும் மாறவில்லை.

வடக்குப் பாதையின் மேம்பாட்டுக்காக மக்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் அநுராதபுரத்துக்கு வடக்கே பாதை மூடப்பட்டது. மாதக்கணக்கில் ரயில் இல்லை. 2024 ஜனவரியில் மாகோ – அநுராதபுரம் பகுதி மூடப்பட்டது. சொன்ன காலத்தில் அது திறக்கப்படவில்லை. பழுதுபார்ப்பது தேவை. சொன்ன தவணையைக் காப்பதும் தேவை. தவணை தவறியபோது வடக்கின் மக்களிடம் காரணம் சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் எவரும் முன்வரவில்லை.

இனி ரயில் கடவைகளுக்கு வருவோம். இங்கேதான் அலட்சியம் கொலையாகிறது.

இந்நாட்டில் பாதுகாப்பற்ற ரயில் கடவைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. 2005 ஏப்ரலில் பொல்காவலைக்கு அருகே யாங்கல்மோதரைக் கடவையில் பஸ் ஒன்று ரயிலுக்குள் அகப்பட்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாடே அழுதது. கடவைகள் அனைத்தும் பாதுகாக்கப்படும் என்று வாக்குறுதி வந்தது. இருபது ஆண்டுகள் போய்விட்டன. இன்றும் தடுப்புப் படலை இல்லாத கடவைகள் இருக்கின்றன. இன்றும் முச்சக்கரவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே நொறுங்குகின்றன.

வடக்கில் பாதை மீண்டும் போடப்பட்டபோது இந்தக் கடவைகளும் உடன் வந்தன. வவுனியா முதல் யாழ்ப்பாணம் வரை ரயிலை மறந்திருந்த கிராமங்களுக்கு நடுவே ரயில் திடீரென வேகமாக ஓடத் தொடங்கியது. கோடிக்கணக்கில் தண்டவாளத்துக்குச் செலவிட்டவர்கள் படலைக்குச் செலவிடவில்லை. உள்ளூர் இளைஞர்களைப் பொலிஸ் திணைக்களத்தின் கீழ் கடவைக் காவலாளராக நிறுத்தினார்கள். நாளொன்றுக்கு 250 ரூபா கொடுத்தார்கள். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வீதிக்கு வந்தார்கள். பலமுறை வந்தார்கள். பலமுறை வாக்குறுதியோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

மக்களின் உயிரைக் காக்கும் வேலைக்கு அரசாங்கம் வைத்த விலை 250 ரூபா. இந்த அவமானத்தைத் தீர்மானித்த கையெழுத்துகள் யாருடையவை என்பது கோப்புகளில் இருக்கிறது. அவை வெளியே வர வேண்டும்.

சமிக்ஞையின் நிலை என்ன? 2011 செப்டெம்பரில் அலவ்வையில் ரயிலோடு ரயில் மோதியது, உயிர்கள் போயின. 2014 ஏப்ரலில் பொத்துஹெரயில் மீண்டும் மோதியது, பலர் காயமடைந்தனர். ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு விசாரணைக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அறிக்கை. அறிக்கைகள் மக்கள் கையில் வருவதில்லை. பரிந்துரைகள் நிறைவேறியதா என்று கேட்க ஒரு சுயாதீன அமைப்பு இல்லை. ரயில்வே தவறிழைக்கிறது, ரயில்வே விசாரிக்கிறது, ரயில்வே தீர்ப்பளிக்கிறது. இந்த ஏற்பாடு தொடரும் வரை அடுத்த விபத்துக்கு நாள் குறிப்பது மட்டுமே மிச்சம்.

மலையகப் பாதையில் நடந்தது வெளிப்படையான களவு. கண்டிக்கும் எல்லவுக்கும் இடையிலான ஆசனங்கள் இணைய விற்பனை தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்தன. பின்னர் அதே சீட்டுகள் வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பன்மடங்கு விலையில் விற்கப்பட்டன. 2025 ஜனவரியில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தலையிட்டது. ரயில்வே ஊழியரே கைதானார்.

ஒரு கைது போதாது. மலையகம் முழுவதும் தெரிந்திருந்த வியாபாரம் மேலதிகாரிகளுக்கு மட்டும் தெரியாமல் போயிருக்க முடியாது. தெரிந்தும் விட்டிருந்தால் அது உடந்தை. தெரியாமல் இருந்திருந்தால் அது தகுதியின்மை. இரண்டில் எது என்று அவர்கள் சொல்லட்டும். இரண்டுக்கும் அந்த நாற்காலியில் இடமில்லை.

இந்தக் களவில் மிகக் கூடுதலாக ஏமாந்தவர் யார்? மலையக மக்கள். நானுஓயாவிலும் அட்டனிலும் பண்டாரவளையிலும் வைத்தியசாலைக்கும் வேலைக்கும் பாடசாலைக்கும் போக ரயிலை நம்பியிருப்பவர்கள். அவர்களது மூதாதையர் உழைத்த பாதையில் அவர்களுக்கே இருக்கை இல்லை. மூன்றாம் வகுப்பு வாசலில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். சுற்றுலா வருமானம் வேண்டும். அதற்காக இந்த மக்களை வாசலில் தொங்கவிட வேண்டியதில்லை. உள்ளூர்ப் பயணிகளுக்கென்று பெட்டிகளை ஒதுக்க வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இந்த மலைப் பாதையைப் பல இடங்களில் பெயர்த்தது. மண்சரிவு மலையகத்துக்குப் புதிதில்லை. மழை வரும் என்பதும் புதிதில்லை. பாதையோர வடிகாலைத் துப்பரவாக்குவதும், சரியக்கூடிய மண்மேட்டைக் கட்டுவதும், மதகைச் சீர்செய்வதும் பராமரிப்பு வேலைகள். அவற்றுக்குத் திறப்புவிழா கிடையாது. பெயர்ப்பலகை கிடையாது. ஆகவே பணமும் கிடைப்பதில்லை. உடைந்த இடத்தை மட்டும் ஒட்டி ரயிலை விட்டால் அடுத்த பெருமழையில் அதே இடம் மீண்டும் சரியும். அப்போது இயற்கையைக் குற்றம்சாட்ட எவருக்கும் இடமிருக்காது.

தொழிற்சங்கங்களும் இந்தக் கண்டனத்திலிருந்து தப்ப முடியாது.

பதவி உயர்வு, ஆட்சேர்ப்பு, மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகியவற்றில் ஊழியர்களுக்குக் குறைகள் உண்டு. அவை தீர்க்கப்பட வேண்டும். ஆனால் முன்னறிவிப்பின்றி ரயிலை நிறுத்தும் உரிமை எவருக்கும் இல்லை. சாரதிகள் வேலைக்கு வராத நாளில் அமைச்சர் நடந்து வீட்டுக்குப் போவதில்லை. ஆடைத் தொழிற்சாலைப் பெண் போகிறாள். 2023 செப்டெம்பரில் பணிப்புறக்கணிப்பு நடந்த நாளில், நெரிசல் மிகுந்த ரயிலின் கூரையில் ஏறிய இளைஞன் ஒருவன் ஹொரப்பேயில் விழுந்து இறந்தான். அந்த இறப்புக்கு நிர்வாகமும் பொறுப்பு. சங்கமும் பொறுப்பு. பேச்சுவார்த்தை மேசையில் தீர்க்க வேண்டியதைப் பயணியின் முதுகில் இறக்கிவைத்த இரு தரப்பும் பொறுப்பு.

எதிர்காலத்தைப் பற்றி எடுத்த முடிவுகளைப் பாருங்கள். கொழும்புக்கும் மாலபேக்கும் இடையில் இலகு ரயில் அமைக்க ஜப்பான் முன்வந்தது. வட்டி 0.1 சதவீதம். திருப்பிச் செலுத்த நாற்பது ஆண்டுகள். 2020 செப்டெம்பரில் அரசாங்கம் அதை ஒரே கட்டளையில் கைவிட்டது. நட்பு நாடொன்றின் நம்பிக்கை உடைந்தது. கொழும்பின் காலை நெரிசல் அப்படியே இருக்கிறது. அந்த முடிவை எடுத்தவர்கள் எந்த ஆய்வின் அடிப்படையில் எடுத்தார்கள்? எந்த மன்றத்தில் அதற்குக் கணக்குக் கொடுத்தார்கள்?

ரயில்களை மின்மயமாக்கும் பேச்சு பல தசாப்தப் பழையது. இந்தத் தீவில் ஒரு கிலோமீட்டர் ரயில்பாதைகூட இன்றுவரை மின்மயமாகவில்லை. டீசலை டொலர் கொடுத்து வாங்குகிறோம். 2022இல் அந்த டொலரும் இல்லாமல் போனது. எரிபொருள் வரிசைகளில் நாடு நின்றது. பஸ்கள் குறைந்தன. கார்கள் உறங்கின. அப்போது மக்கள் எங்கே திரண்டார்கள்? ரயில் நிலையங்களில். நாடு விழுந்த நாட்களில் அதைச் சுமந்தது இந்தப் பழைய, துருவேறிய, புறக்கணிக்கப்பட்ட ரயில்தான். நெருக்கடி தணிந்ததும் அதை மீண்டும் மறந்தார்கள்.

இனிப் போதும். மக்கள் கேட்பது சலுகை அன்று. செலுத்திய வரிக்கும் சுமக்கும் கடனுக்கும் உரிய சேவையைக் கேட்கிறார்கள். போக்குவரத்து அமைச்சரும் அமைச்சின் செயலாளரும் ரயில்வே பொது முகாமையாளரும் பின்வருவனவற்றைச் செய்ய வேண்டும்.

ஒன்று. பாதுகாப்பற்ற கடவைகளின் முழுப் பட்டியலையும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். ஒவ்வொரு கடவைக்கும் எப்போது படலை வரும் என்று திகதி குறிக்க வேண்டும். கடவைக் காவலாளரை ரயில்வேயின் நிரந்தர ஊழியர்களாக உள்வாங்க வேண்டும்.

இரண்டு. விபத்துகளை விசாரிக்க ரயில்வேக்கு வெளியே, சட்ட அதிகாரம் கொண்ட சுயாதீன அமைப்பொன்று வேண்டும். இதுவரை நடந்த பெரிய விபத்துகளின் அறிக்கைகள் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். பரிந்துரைகளில் எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை, யாரால் நிறைவேறவில்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

மூன்று. யானைகள் கடக்கும் பகுதிகளில் வேகக் கட்டுப்பாட்டைக் காகிதத்தில் விட்டுவைக்காமல், ஒவ்வொரு எஞ்சினிலும் வேகப் பதிவுக் கருவி இயங்குவதை உறுதிசெய்ய வேண்டும். அந்தப் பதிவுகளை வனஜீவராசிகள் திணைக்களமும் பார்வையிட வழி வேண்டும்.

நான்கு. பராமரிப்புக்கென்று தனி நிதி வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய அந்தப் பணத்தை வேறெதற்கும் திருப்ப முடியாதபடி சட்டம் காக்க வேண்டும். புதிய பாதையின் ஒவ்வொரு ரூபாவுக்கும் அதை ஆண்டுதோறும் பேணத் தேவையான தொகை எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குக் காட்டாத எந்தத் திட்டத்துக்கும் அமைச்சரவை அனுமதி தரக்கூடாது.

ஐந்து. ஆசனச் சீட்டுக் களவின் விசாரணை கீழ்நிலை ஊழியரோடு முடியக்கூடாது. மேலே எதுவரை போகிறதோ அதுவரை போக வேண்டும். மலையக ரயில்களில் உள்ளூர்ப் பயணிகளுக்கு உறுதியான இருக்கைகள் ஒதுக்கப்பட வேண்டும்.

ஆறு. ஊழியர் குறைகளைத் தீர்க்கக் கால எல்லை கொண்ட நடுவர் முறை வேண்டும். அது செயற்படும் வேளையில் ரயிலை நிறுத்த முடியாது என்பது இரு தரப்பும் கையெழுத்திட்ட உடன்பாடாக வேண்டும்.

ஏழு. தலைமன்னார்க் கப்பல், கதிர்காமப் பாதை, மின்மயமாக்கல், இரத்தினபுரிக்கு ரயில் ஆகிய நான்கு பற்றியும் அரசாங்கம் தெளிவாகப் பேச வேண்டும். செய்வதானால் திகதி சொல்ல வேண்டும். செய்ய முடியாதென்றால் அதையும் நேரே சொல்ல வேண்டும். தேர்தல் மேடைகளில் இந்த நான்கையும் மாறி மாறி விற்றது போதும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெருங்கடன் தேவையில்லை. பெரிய பொறியியலும் தேவையில்லை. கையெழுத்திடும் துணிவும் கண்காணிக்கும் ஒழுங்கும் போதும். ரம்பாலவிடம் இருந்ததும் அவைதான்.

இன்றைய ஆட்சி, முன்னைய ஆட்சிகளின் தவறுகளைச் சொல்லி மக்களிடம் வாக்குக் கேட்டது. மக்கள் வாக்களித்தார்கள். முன்னையவர்களின் தவறு இனி விடையாகாது. ஹபரணையில் யானைகள் செத்தது இந்த ஆட்சியில். கடவைக் காவலாளர் நிரந்தர நியமனத்துக்காகக் காத்திருப்பது இந்த ஆட்சியில். பொறுப்பும் இந்த ஆட்சியுடையது.

அமைச்சர் அவர்களே, அடுத்த பாதைக்கு நாடா வெட்டப் போகும் முன் பாராளுமன்றத்துக்கு வாருங்கள். இந்த ஏழுக்கும் திகதியோடு பதில் வையுங்கள். எந்த வேலைக்கு எந்த அதிகாரி பொறுப்பு என்று பெயர் சொல்லுங்கள். திகதி தவறினால் அந்தப் பெயருக்கு என்ன நடக்கும் என்றும் சொல்லுங்கள். அந்தப் பதிலை வாங்காமல் இந்த நாட்டு ரயில் பயணிகள் உங்களை விடக்கூடாது. நாமும் விடமாட்டோம்.